இரண்டாம் மாடியில் பனி

செவ்வாய்க்கிழமை காலைக் காப்பிக்குச் சற்று முன்பு, லிண்டர்ஷோ நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், எழுத்தர் குன்வோரின் மேசைமீது மட்டும் பனி பெய்யத் தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்வீடனின் அந்த மூலையில் வேறெங்கும் ஒரு துகள்கூட விழவில்லை. ஏரி உறையவில்லை; பிள்ளைகள் சறுக்குவண்டிகளைப் பரணில் போட்டுவிட்டார்கள். ஆனாலும் தெருப்பனியை அள்ளியதாகச் சொல்லி நகராட்சி மேலாளர் ஹோல்கர் தன் மச்சான் ஸ்டூரேவுக்கு வாராவாரம் பணம் கொடுத்துவந்தார். குன்வோர் இதைப் பத்திரிகைக்குச் சொன்னாள். செய்தி வந்த காலையில்தான் பனியும் வந்தது. தெருவில் விழாத பனி இதுதான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

குன்வோர் பயந்தாள். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. அந்த ஊரில் வேறு வேலை கிடையாது. கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு தட்டச்சைத் தொடர்ந்தாள்.

பத்திரிகைக்குச் சொன்னது யார் என்று அதிகாரிகள் விசாரிக்கக் கூடாது, விசாரித்தாலே குற்றம். அந்த நாட்டின் பழைய சட்டம் அது. பனியைப் பற்றிக் கேட்பதும் விசாரணைதான் என்று சட்ட ஆலோசகர் இங்கேலா சொல்லிவிட்டாள். குன்வோரை வேலையைவிட்டுத் துரத்தக் காரணம் வேண்டும். காரணத்துக்கு முதலில் கேட்க வேண்டும். ஆகவே ஹோல்கர் காப்பி நேரத்தில் பட்டைத்தூள் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இங்க கொஞ்சம் குளிருதோ?"

இங்கேலா இருமினாள்.

"பொதுவாத்தாம்மா கேட்டேன். குளிருதான்னுகூடக் கேக்கக் கூடாதா?"

"அது கேக்கலாம். எங்கேருந்து குளிருதுன்னு கேக்கக் கூடாது."

"தொப்பி நல்லாருக்கு, குன்வோர்."

"நானே பின்னினது."

ஏப்ரலில் பனி மேசையிலிருந்து வழிந்து மாடியின் தாழ்வாரத்தை அடைத்து ஹோல்கரின் கதவை மூடியது. மதியம்வரை உள்ளே பொறுத்திருந்தவர் பிறகு கத்தினார்: "எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? பேப்பர்காரன்கிட்டச் சொன்னது நீதானே குன்வோர்?"

யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"கேட்டுட்டீங்களே, ஹோல்கர்," என்றாள் இங்கேலா, உண்மையான வருத்தத்தோடு.

பணம் போனதைக்கூட ஊர் ஒருவேளை மன்னித்திருக்கும், கேட்டதை மன்னிக்கவில்லை. ஹோல்கரின் பதவி போனது. பணம் வாங்கிய பனியை ஸ்டூரே அள்ளித் தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. விழாத பனியை எங்கே போய் அள்ளுவது என்றான் அவன். நீதிபதி அலுவலக முகவரியைச் சொன்னார்.

இப்போது தினமும் காலையில் மண்வாரியோடு வருகிறான்.

"காலத் தூக்குங்க, அக்கா."

"தொப்பியிலயும் இருக்கு பாரு."

தட்டிவிடுகிறான். கோடை விருந்துக்கான கிரீம் டப்பாக்களை எல்லோரும் அவள் மேசையோரப் பனியில் செருகி வைக்கிறார்கள். அவற்றில் இடிக்காமல் அள்ள ஸ்டூரே பழகிவிட்டான். இன்னும் எத்தனை நாள் பெய்யும் என்று அவனும் கேட்பதில்லை.