சபரிக்குப் போதாத கூடாரம்

பூர்ணிமா கூடாரத்துக்குள் கையை விட்டு, பிள்ளையின் தலைக்கும் துணிக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. கால் பக்கம் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான். பத்து மாதப் பிள்ளை சபரிநாதன் தூக்கத்தில் புரண்டான். வலைக்கு அடியில் சாண் உயரத்துக்குத் தைத்திருந்த கெட்டித் துணியில் மூக்கு போய் அழுந்தியது.

"மாலதி, பிள்ளையைத் தூக்கு."

"நல்லாத்தானேக்கா தூங்குறான்?"

"தூக்குன்னா தூக்கு."

மாலதி மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். விடிந்தால் குறுவை நடவு. போன வருஷம் வாய்க்கால் கரைப் பூவரசில் கட்டிய தூளிக்குள் எறும்பு ஏறி ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பூதலூர் ஸ்டேஷன் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் பூர்ணிமா, நடவுக்குப் போகும் மூன்று பேரின் பிள்ளைகளுக்காக இதை யோசித்தாள். குடை மாதிரி மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். அடியில் தார்ப்பாய், மேலே கொசுவலை, பிள்ளை கைக்கு எட்டாமல் வெளிப்பக்கம் ஜிப். படுத்த பிள்ளையைச் சுற்றி நாலு பக்கமும் கை நுழைகிற இடம் இருக்கவேண்டும், அதுதான் அவள் போட்ட ஒரே சட்டம். கொடுத்த அளவுக்கு ஒரு துணிப் பொம்மை தைத்துப் படுக்க வைத்தபோது தாராளமாக இருந்தது. பிள்ளைக்கு மட்டும் எப்படிப் போதாமல் போகும்?

அவள் கண் கடையில் கூட வேலை பார்க்கும் ஷமீரா பக்கம் போனது. அளவு எடுத்து வந்ததும் துணி வெட்டியதும் ஷமீராதான். ஷமீராவின் மகள் பாவாடையில் இதே வெள்ளை வலை சுருக்கு வைத்திருந்ததை சில நாளைக்கு முன்பே பூர்ணிமா கவனித்திருந்தாள். வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"துணியெல்லாம் சரியாத்தானே வெட்டினே?"

"ஏன் கேக்குறே?"

"சும்மாத்தான்."

"சும்மா கேக்குற மூஞ்சியா அது? டேப்பை வச்சுப் பாரேன்."

பூர்ணிமா பார்த்தாள். எழுதிவைத்த அளவுக்கு ஒரு நூல் கூடக் குறைவில்லை. ஆனாலும் மனசு அடங்கவில்லை.

"அப்ப ஃபஹ்மிதா பாவாடையில இருக்கற வலை?"

ஷமீரா கத்தரியை மேஜைமேல் வைத்தாள். "அது நாகூர்ல எங்கம்மா எடுத்துக் கொடுத்தது. கொசுவலையைக் கிழிச்சு மகளுக்குப் பாவாடை தைக்கிற நிலைமை எனக்கு இன்னும் வரலை. இத்தனை நாளா இதைத்தான் மனசுல வச்சிருந்தியா?"

பூர்ணிமா டேப்பைச் சுருட்டினாள். "அளவு நீ டேப் வச்சுத்தானே எடுத்தே?"

ஷமீரா மேஜை டிராயரிலிருந்து மூன்று நூல்களை எடுத்து நீட்டினாள்.

"மூணு வீட்லயும் டேப்பை எடுத்ததுமே வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க. பிள்ளை தூங்குது, நாங்களே அளந்து தர்றோம்னு உள்ளேருந்து நூல் வந்துச்சு."

பூர்ணிமா மூன்றையும் சேர்த்துப் பிடித்தாள். முனைக்கு முனை பொருந்தியது. "ஒண்ணு தவழுது, ஒண்ணு நிக்குது, ஒண்ணு ஓடுது. மூணும் ஒரே நீளமா? உனக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு. வற்புறுத்தி நான் அளந்துட்டு வந்து, மறுநாள் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா யாரைச் சொல்லுவாங்க? அளக்க வந்தவளைத்தான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"பொம்மைக்குத்தான் சரியா இருந்துச்சே. நீயும்தான் பார்த்தே."

மாலதி மெல்ல வாசற்படிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கே போறே மாலதி? இந்த நூலை எதை அளந்து கொடுத்தே?"

"திட்டாதீங்கக்கா. முறத்தை."

"முறத்தையா?"

"பொறந்தப்ப அவனை முறத்துலதானே நெல்லைப் பரப்பிப் போட்டோம். அதுல அடங்கினான். மத்தவங்களும் எங்க வீட்டு முறத்தையே அளந்துக்கிட்டாங்க. உசுரோட இருக்கற பிள்ளையைப் படுக்கப் போட்டுத் தலையிலேருந்து கால்வரைக்கும் யாராவது அளப்பாங்களா? அப்படி அளக்கறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். குழி வெட்டத்தான் அப்படி அளப்பார்கள். பூர்ணிமா வீட்டிலும் அளக்கவிட்டிருக்க மாட்டார்கள். அது அவளுக்கு முன்பே நினைவு வந்திருக்க வேண்டும்.

"பரவால்லக்கா, குறுக்கால படுக்க வச்சுக்கிறேன். நாளைக்கு வேற வழியில்ல" என்று மாலதி கூடாரத்துக்குக் கை நீட்டினாள்.

"நீ குனிஞ்சு நட்டுக்கிட்டு இருப்பே. இவன் புரண்டு மூஞ்சியைத் துணியில வச்சா யாரு பார்க்கறது?"

மாலதி கையை மடக்கவில்லை. பூர்ணிமா பிளேடை எடுத்துப் பக்கத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்துவிட்டாள். மற்ற இரண்டையும் அப்படியே செய்தாள். இனி யாரும் எடுத்துப் போக முடியாது.

"நின்னா அளக்கலாமா?" என்று கேட்டாள்.

மாலதி யோசித்தாள். "நின்னா தப்பில்ல. பால்வாடியிலயே அளக்கறாங்களே."

"அப்ப நிறுத்து. மத்த ரெண்டு பேரையும் பிள்ளைங்களோட வரச்சொல்லு."

தூக்கம் கலைந்த சபரி சுவரைப் பிடித்து நின்று சிணுங்கினான். பூர்ணிமா பழக்கத்தில் டேப்பை ஷமீராவிடம் நீட்டினாள்.

"நீயே அள" என்றாள் ஷமீரா.

பூர்ணிமா அளந்தாள். புதுத் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் கோடும் அவளே போட்டாள். "வெட்டு. இருட்டறதுக்குள்ள ஒண்ணாவது முடிக்கணும்."

ஷமீரா கத்தரியை எடுக்கவில்லை. டேப்பை வாங்கி, பூர்ணிமா போட்ட கோட்டை ஒரு முனையிலிருந்து அளந்தாள். திருப்பி வைத்து, மறுமுனையிலிருந்தும் அளந்தாள். அதுவரை பூர்ணிமா துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.