ஒடுக்கு விழுந்த குக்கர்

பட்டியலில் மேலே இருக்கும் அந்த இரண்டு பேர் யாராக இருக்கும், முதல் பெயர் ஏதோ ஜோஷி, அடுத்தது ஏதோ காளே, அப்படி எதை வரைந்து கொடுத்திருப்பார்கள், என்னைவிட... என்று ஓடிக்கொண்டிருந்த மனதை வேதநாயகி சட்டென்று இழுத்துப் பிடித்தாள். என்னைவிடவா? மூன்றாவதாக அங்கே யார் பெயர் ஒட்டியிருக்கிறது, ஜெனிபர் ஜெபகுமார் என்றுதானே, எட்டாம் வகுப்பு பி பிரிவு, இதோ பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து இழுத்து விடுகிறாளே என் மகள், இவள் பெயர்தானே. நாற்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை, பதினாலு வயதுப் பிள்ளைகளோடு போட்டிபோட்டு மூன்றாவதாக வந்துவிட்டு, இரண்டாவதாக வரவில்லையே என்று வருத்தப்படுகிறாள்... வெட்கக்கேடு, வேறென்ன. தேஹு ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நிக்டியிலிருக்கும் இந்தப் பள்ளிக்கூடம் வரும்வரை மாட்டிக்கொள்வோமோ என்று ஒரே பயம், பட்டியலைப் பார்த்ததும் அந்தப் பயம் அப்படியே எங்கோ போய், உள்ளே ஒரு சந்தோஷம் குதித்ததே, அதை யாராவது பார்த்திருப்பார்களோ? ஜெனி பார்த்தாளா? டிராயிங் அறை வாசலில் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவராக உள்ளே போய், பிள்ளை ஒன்பதாவதில் எடுக்கும் கலையும் மொழியும் இன்னதென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை.

டிராயிங்குக்கு எடுத்தவர்கள் பட்டியலில் முப்பது பேர். அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே காத்திருப்பவர்கள், அதில் முதல் பெயர் காவ்யா. அதைத்தான் அவள் பார்க்காமலேயே இருக்கப் பார்த்தாள், ஆனால் கண் அங்கேயேதான் போகிறது. காவ்யா அவர்கள் கட்டிடத்துக் குழந்தை, மூன்றாவது மாடி, பால் பாக்கெட் கவரைக்கூட விடாமல் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பாள், வாட்ச்மேன் தூங்குவதை வரைந்து அவரிடமே கொடுத்து அசடு வழிய வைத்தவள். அவள் அம்மா ஆனந்தவல்லி எதிர்ப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து வேதநாயகியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன வேதா, உன் மக இவ்வளவு நல்லா வரைவாளா? ஒரு வார்த்தை சொன்னதே இல்லியே." குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியம், அதுதான் இன்னும் சுட்டது. "அது... இப்பத்தான், சும்மா வரையுதா..." "எங்க காவ்யா இது கெடைக்குமோன்னு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. பரவால்ல, யாராச்சும் ஒருத்தர் வேணாம்னு விட்டா இவளுக்கு எடம் கெடைக்குமாம், சார் சொன்னாரு. பாப்போம்." யாராவது ஒருத்தர். வேதநாயகி தலையைத் தலையை ஆட்டினாள், ஜெனி செருப்பு வாரை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இத்தனைக்கும் இந்தப் பிள்ளை கேட்டதென்ன, நாடகம். இந்தப் பள்ளிக்கூடத்தில் நாடகம் எடுத்தால் கூடவே கூடுதல் மராத்தியும் எடுக்கவேண்டும், டிராயிங் எடுத்தால் ஹிந்தி போதும். ஜெனி மராத்தியில் பேசினால் காய்கறிக்காரி, யாருடைய பொண்ணு இவ, நம்ம ஊர்ப் பொண்ணா என்று கேட்பாள், அப்படி ஒரு நாக்கு. வேதநாயகிக்கோ பதினாறு வருஷமாகியும் வரவில்லை, தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் ஹிந்தியைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசக் கற்றாள், அதோடு நின்றுவிட்டது. போன வருஷம் ஆண்டுவிழா, மேடையில் ஜெனி கிழவி வேஷத்தில் என்னமோ சொல்கிறாள், கூடம் முழுவதும் கொல்லென்று சிரிக்கிறது, வேதநாயகி பக்கத்து இருக்கைக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓ, சிரிக்கவேண்டிய இடமா என்று தானும் சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தள்ளி. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கேட்டது, "மம்மி, நீ ஏன் எல்லாரும் சிரிச்ச அப்புறம் சிரிச்சே?" கழுவிக்கொண்டிருந்த குக்கரைத் தொட்டியில் ஓங்கிப் போட்டாள், பக்கவாட்டில் ஒடுக்கு விழுந்தது. கை தவறிவிட்டது என்று புருஷன் ஜெபகுமாரிடம் சொன்னாள். அவர் டிப்போவிலிருந்து களைத்து வந்தவர், ஒடுங்கினால் என்ன, விசில் வருகிறதல்லவா என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் வேதநாயகி டிராயிங், டிராயிங் என்று ஆரம்பித்தாள். "டிராயிங் எடுத்தா பத்தாவதுல மார்க் கூடக் கெடைக்கும்னு சொல்லுதாங்கல்லா." மார்க்காம் மார்க். டிராயிங்குக்குப் பாஷை கிடையாது, சிரிக்கவேண்டிய இடம் கிடையாது, அதுதானே உண்மை? அதைச் சொல்ல வாய் வருமா? "எனக்கு வரைய வராது மம்மி, உனக்குத் தெரியும்ல" என்று பிள்ளை சொல்லத்தான் செய்தாள். தேர்வுக்கு வீட்டிலிருக்கும் ஒரு பொருளைப் பார்த்து வரைந்து கொண்டுவர வேண்டும் என்றார்கள், பிள்ளை வரைந்த குக்கர் கைப்பிடி வைத்த பக்கெட் மாதிரி இருந்தது. மத்தியானம் பிள்ளை டியூஷனுக்குப் போனதும், நிழலை மட்டும் கொஞ்சம் சரிபண்ணலாம் என்றுதான் வேதநாயகி பென்சிலை எடுத்தாள், சத்தியமாக நிழலை மட்டும்தான், பிறகு மூடி கோணலாக இருந்தது, மூடியை அழித்தால் வளையம் ஒட்டவில்லை... கடைசியில் புதுத்தாள். அடுப்பில் வைத்த பருப்பு அடிபிடித்துப் புகைந்ததுகூட மூக்குக்கு எட்டவில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று அப்படி உட்கார்ந்து. பன்னிரண்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான், தவளையின் குடல், செம்பருத்தியின் குறுக்குவெட்டு, எல்லாம் அவள் கை, எல்லாவற்றுக்கும் அடியில் வேறு யார் யாருடைய பெயரோ. அன்றைக்கு அது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை, உதவி என்றார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஜெனி திரும்பிவந்து படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல என் பேர் எழுதவா?" என்றாள். எழுது என்றாள் இவள். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்தால்...

"ஜெனிபர் ஜெபகுமார்." ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். டிராயிங் வாத்தியார் காசிம் சார் மேசை மேல் அந்தப் படம். ஹிந்தியில் பேசினார், உட்காருங்கள் என்றார், உங்கள் பெண்ணின் கை நல்ல கை என்றார், முப்பது வருஷமாக டிராயிங் சொல்லித் தருகிறேன், எல்லாப் பிள்ளைகளும் குக்கரைக் கடையிலிருந்து இப்போதுதான் வாங்கியது மாதிரி வரைவார்கள், இதைப் பாருங்கள், இந்த ஒடுக்கில் வெளிச்சம் எப்படி உடைகிறது பாருங்கள் என்று விரலால் தொட்டுக் காட்டினார். வேதநாயகிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பயத்தினால் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பயம் இல்லை அது, ஐயோ, இப்படி ஒருவர் சொல்லிக் கேட்க இத்தனை நாள் ஆயிற்றே என்றுதான். பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள், பிள்ளைக்குத் தெரியும், அவள் எதிரில் வைத்தே இப்படி ஒரு ஆசையா, கேவலம்.

அவர் ஜெனியைப் பார்த்து மராத்தியில் கேட்டார், இந்த ஒடுக்கை ஏன் விடாமல் வரைந்தாய் என்று. முடிந்தது, இதோ முடிந்தது என்று வேதநாயகி புடவைத் தலைப்பைப் பிடித்தாள். ஜெனி ஒரு மூச்சு விட்டாள். பிறகு பேசத் தொடங்கினாள், மராத்தியில், கையை வைத்து, முகத்தை வைத்து, இடுப்பை வைத்து. நான்தான் சார் பாத்திரம் கழுவினேன், கை முழுக்கச் சோப்பு, குக்கர் வழுக்குகிறது, பிடிக்கிறேன், வழுக்குகிறது, பிடிக்கிறேன்... தொட்டியில் டமார். அம்மா ஓடிவருகிறாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன், அடி விழப்போகிறது என்று. ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறேன், அம்மா என்னைப் பார்க்கவில்லை, குக்கரைத் தூக்கி அதற்கு நெற்றியில் முத்தம் கொடுக்கிறாள். காசிம் சார் வெடித்துச் சிரித்தார், வேதநாயகியும் சிரித்துவிட்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல், அவரோடு கூடவே, ஒரு நொடிகூடப் பிந்தாமல்.

சிரிப்பு நின்றதும்தான் உறைத்தது, ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கிறது. அத்தனையும் பொய், அம்மா வரைந்த படத்தையும் அம்மா போட்ட ஒடுக்கையும் சேர்த்துப் பிள்ளை தன் தலையில் போட்டுக்கொண்டு, கண் சிமிட்டாமல் சொன்ன பொய், இந்த அம்மாவை மானத்தோடு வெளியே கூட்டிப்போவதற்காக. ஜெனி திரும்பி அவளைப் பார்த்தாள். மிரண்ட பார்வை இல்லை, மன்னிப்புக் கேட்கிற பார்வையும் இல்லை, எப்படி இருந்தது என்று கேட்கிற பார்வை, மேடையிலிருந்து அன்றைக்கும் இப்படித்தான் பார்த்திருப்பாள் போல, கூட்டத்தில் இவள் முகத்தைத் தேடி. நன்றாக இருந்தது என்று வேதநாயகியின் தலை தானாக ஆடியது. ஆடின பிறகுதான் கூசிப்போனாள்.

காசிம் சார் படிவத்தைத் தள்ளிவைத்து, டிராயிங், ஹிந்தி, இரண்டிலும் டிக் போட்டாயிற்று, கீழே கையெழுத்து மட்டும் போடுங்கள் அம்மா என்றார். பக்கத்திலேயே நாடகத்துக்கும் மராத்திக்கும் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. வெளியே ஆனந்தவல்லி யாரிடமோ மணி கேட்பது காதில் விழுந்தது. சார், இது இவள் வரைந்ததில்லை என்று சொல்லலாம், ஹிந்தியிலேயே சொல்லலாம், அதற்குத் தேவையான ஹிந்தி இருக்கிறது. அப்படியானால் யார் வரைந்தது என்று கேட்பார். அந்த இடத்துக்கு வந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது, மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் அடிக்கிறதா, இல்லை, அந்தப் பதிலைச் சொல்லப்போகிற ஆசையில் அடிக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் வரைந்தது என்று தமிழில்கூட, ஜெபகுமாரிடம்கூட, அவள் இதுவரை ஒருதடவையும் சொன்னதில்லை. பேனா மூடியைத் திறக்காமல், "சார்..." என்றாள்.