லியொந்தேவுக்கு விழுந்த உதைகள்

1986ஆம் ஆண்டு அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கால்பந்தாட்டக்காரன் லியொந்தே புர்குவின் இடது கணுக்காலில் விழுந்த உதை, மைதானத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, அவன் சொந்த ஊரான ஹொரெஷ்டியில் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்த நிக்கோதிமின் காலில் வீங்கியது. லியொந்தே எழுந்து, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, இடது ஓரமாகவே ஓடிப்போய் கோல் அடித்தான். நிக்கோதிம் ஒன்பது நாள் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகவில்லை. மருத்துவ நிலையத்து நர்ஸ், எங்கே விழுந்தாய் என்று கேட்டாள். "எங்கயும் விழல. சூப் குடிச்சேன்" என்றான். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளி. சூளை அணியில் இருவருமே இடது ஓரத்துக்காரர்கள், ஆளுக்கொரு பாதி ஆடுவார்கள். நகரத்துப் பெரிய அணியின் பயிற்சியாளர் வந்த அன்று மழை. முதல் பாதி முடிந்ததும் அவர் நனைந்துபோய்க் கிளம்பினார். முதல் பாதி ஆடியவன் லியொந்தே, ஆகவே அவனை அழைத்துக்கொண்டு போனார். நிக்கோதிம்தான் இன்னும் நல்ல ஆட்டக்காரன் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் தங்கள் கருத்தை நிக்கோதிமிடம் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்தில் லியொந்தேயின் படம் ஒட்டிய வாரத்திலிருந்துதான் நிக்கோதிமுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. கால்வலி வந்தது அதற்கு அடுத்த வாரம்.

அதன் பிறகு வருஷங்கள் ஆட்ட அட்டவணைப்படி ஓடின. லியொந்தே எங்கே ஆடுகிறான் என்று பார்த்து ஸெனோவியா, அதாவது நிக்கோதிமின் மனைவி, வெந்நீர் வைப்பாள். பூக்கரெஸ்டுக்காரர்கள் உதைத்தால் ஊதா நிறம், கான்ஸ்தான்ட்சாக்காரர்கள் உதைத்தால் கறுப்பு. ஆட்சி கவிழ்ந்தது; எல்லை திறந்தது; லியொந்தே பெல்ஜியத்துக்குப் போனான். தூரம் கூடினால் வலி குறையும் என்று நிக்கோதிம் நம்பினான், குறையவில்லை. லியொந்தே தேசிய அணிக்கு இருபத்தேழு ஆட்டம் ஆடினான். உதைக்க உதைக்கச் சிரித்துக்கொண்டே எழுகிறவன் என்று பத்திரிகைகள் எழுதின. 1994இல் மச்சினியின் கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது நிக்கோதிமின் முழங்கால் சத்தத்தோடு பிய்ந்தது. வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். பெல்ஜியத்தில் லியொந்தே அதே நிமிஷம் எழுந்து பந்தை உள்ளே அனுப்பினான். நிக்கோதிம் அதற்குப் பிறகு நேராக நடக்கவில்லை.

"அடி எனக்கு, கைதட்டல் அவனுக்கு" என்றான் ஸெனோவியாவிடம்.

"நீ அவனப் பார்த்து வயிறெரியறத நிறுத்து, கால் தானா சரியாயிடும்."

"நான் என்ன, வேணும்னா எரியறேன்?"

முயன்று பார்த்தான். தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினான், தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடினான், பேருந்து நிறுத்தத்தைத் தவிர்த்து வயல் வழியாகச் சுற்றிப் போனான். வயலில் நடக்கும்போதே, இந்நேரம் லியொந்தே எப்படி நடந்துகொண்டிருப்பான் என்று தோன்றும். உடனே கணுக்கால் வீங்கும்.

1999 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை தொலைக்காட்சியின் துணி நழுவியிருந்தது. லியொந்தேவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. இடது கோட்டோரம் பந்தை நிறுத்தினான். தடுப்பாட்டக்காரன் பாய்ந்து, வெறும் காற்றைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தவனை லியொந்தே அதே இடத்தில் இன்னொரு முறை ஏமாற்றினான். நானாக இருந்தால் என்று எப்போதும் தொடங்குகிற நினைப்பு நிக்கோதிமுக்கு அன்று வரவில்லை. "அடடா! பாரேன் அவன, பாரேன்!" என்று எழுந்து கைதட்டினான். மூன்றாவது முறை உதை விழுந்தது. பழக்கத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. தொலைக்காட்சியில் லியொந்தே புல்லில் உட்கார்ந்து தன் காலை ஆச்சரியமாகப் பார்த்தான், பிறகு அலறினான். பதின்மூன்று வருஷத்தில் முதல் வலி, எப்படித் தாங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை. நடிக்கிறான் என்று நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அதுதான் லியொந்தேயின் கடைசி ஆட்டம்.

ஹொரெஷ்டியில் யாரும் நிக்கோதிமை மன்னிக்கவில்லை. சாராயக்கடையில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்: "உன்ன யாருடா நல்லவனா மாறச் சொன்னது? இன்னும் ரெண்டு வருஷம் பொறாமைப்பட்டா குறைஞ்சா போயிடுவ?"

இலையுதிர் காலத்தில் லியொந்தே கைத்தடியோடு ஊருக்குத் திரும்பினான். மூன்றாம் நாள் நிக்கோதிமின் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"கடையில சொன்னாங்க. நெஜமாடா நிக்கு?"

"பிளம் சாராயம் குடிக்கிறியா?"

"கால காட்டுடா."

நிக்கோதிம் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். லியொந்தே தரையில் உட்கார்ந்து தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"இது அந்தச் செம்பட்டைத் தலையன், பெல்ஜியம்காரன். இது மால்டா, நான் ரெண்டு கோல் போட்ட ஆட்டம். இது... ஆமா, பனி கொட்டுச்சே அன்னிக்கு." பிறகு தன் கால்சட்டையைச் சுருட்டினான். கணுக்காலில் ஒரே ஒரு தழும்பு. மற்ற இடமெல்லாம் பால் குடிக்கிற குழந்தையின் கால் போல் வழவழப்பாக இருந்தது. "இந்த ஒண்ணுதான்டா என்னோடது. நான் ஆடுனேன்னு யாருகிட்ட எதக் காட்டறது? என் ஆட்டமெல்லாம் உங்கிட்டதான இருக்கு!"

அவன் குரலில் இருந்தது என்ன என்று நிக்கோதிமுக்கு உடனே தெரிந்தது; அதில் அவனுக்குப் பதின்மூன்று வருஷ அனுபவம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கல்யாண வீட்டில் பிய்ந்த முழங்காலிலிருந்து வலி முழுதாக இறங்கிப் போயிற்று. லியொந்தே தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"ஐயோ, இவ்வளவாடா வலிக்கும்?"

"இது பரவாயில்ல. பனிக்காலம் வரட்டும்" என்றான் நிக்கோதிம். சட்டென்று எழுந்து, அறையின் குறுக்கே நேராக நடந்துபோய்ச் சாராயம் எடுத்து வந்தான். அந்த நடையைப் பார்த்து லியொந்தேவுக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது.

வலி அங்கேயே தங்கிவிடவில்லை. வசந்தத்தில் லியொந்தேவைத் தேடி வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது, உடனே நிக்கோதிம் மறுபடி நொண்டினான். நிக்கோதிமுக்குப் பெண் பிறந்தாள். லியொந்தே இரண்டு மாதம் கைத்தடி இல்லாமல் வெளியே வரவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து இருவரும் ஒன்றாகவே வருவார்கள். ஊரார் அவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்த்துவிட்டு, நேராக நடப்பவனிடம் என்ன நல்ல செய்தி என்று விசாரிப்பார்கள். ஜன்னல் வழியாக ஸெனோவியாவும் பார்ப்பாள். பார்த்துவிட்டு, நொண்டுகிறவனுக்கு மட்டும் நாற்காலியை வெளியே எடுத்துப் போடுவாள்.