நாற்பது அறைகளும் நாற்பத்து மூன்று வீடுகளும்

“வேற எங்க போயிடுவீங்க சிஸ்டர்?” என்று ஓட்டல் மேனேஜர் ஜெயகணேஷ் சிரித்தபோதுதான் உமாராணிக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

சுரங்க மருத்துவமனைச் செவிலியர்களின் அகில இந்திய மாநாடு. நாற்பது அறை வேண்டும். அறைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் சங்கம் தராது. இன்று சாயங்காலத்துக்குள் வாடகை படியவில்லை என்றால் மாநாடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும். அவனோ இரண்டாயிரத்து எண்ணூறிலிருந்து ஒரு பைசா இறங்கவில்லை. நாற்பது அறை ஒருசேர இருப்பது தன்னிடம் மட்டும்தான் என்ற திமிர்.

“ஓட்டல் நடத்துறோம், சத்திரம் நடத்தலைங்க.”

உமாராணி எழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஓய்வுபெற எட்டே மாதம் இருக்கும் தலைமைச் செவிலி. கெஞ்சிக் கூத்தாடி நெய்வேலிக்கு வாங்கிய மாநாடு இது. விட மனம் வருமா?

வார்டில் விஷயத்தைக் கேட்ட நர்ஸ் ராஜாம்பாள், முத்தாண்டிக்குப்பத்துக்காரி, மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: “அந்த வாரம் எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல நைட் ஷிஃப்ட்டுங்க சிஸ்டர். கட்டிலு சும்மாதான் கெடக்குது. ரெண்டு பேர நம்ம வூட்டுக்கு அனுப்புங்க.”

உமாராணிக்குப் பொறி தட்டியது. சுரங்க ஊரில் ராத்திரி காலியாகக் கிடக்கும் கட்டிலுக்கா பஞ்சம்? எந்த வீட்டு ஆளுக்கு எந்த ஷிஃப்ட் என்பது அவளுடைய நர்ஸுகளுக்கு மனப்பாடம். நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள். மூன்று மணிக்குள் நாற்பத்து மூன்று வீடுகள் சேர்ந்துவிட்டன. ஒருத்தி விருந்தாளிக்குப் புதுப் போர்வையே எடுத்துவிட்டாளாம். மாநாட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது!

நான்கு மணிக்குப் பட்டியலை ஜெயகணேஷின் மேஜைமேல் வைத்தாள்.

“ரூம் வேண்டாம் தம்பி. இடம் கிடைச்சிருச்சு.”

“வடநாட்டுக்காரங்க போய் குவார்ட்டர்ஸ்ல தங்குவாங்களா?”

“நர்ஸுங்க தம்பி. படிக்கும்போது ஒரு ரூம்ல எட்டு பேர் படுத்தவங்க. முதல் பேரைப் படிங்க.”

படித்தான். அவன் அம்மா தனம்! இதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெயருக்குப் பக்கத்திலேயே குறிப்பு: ‘மூணு பேர் தங்கலாம். பையன் ரூமைக் கொடுத்துடறேன். அவன் ஹால்ல படுத்துக்குவான்.’

அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

“ரெண்டாயிரம்னா...?”

“வர்றேன் தம்பி.”

“சிஸ்டர், உக்காருங்க! ஆயிரத்து ஐந்நூறு.”

“ஆயிரத்து நானூறு. வரியோட, காலை டிபனோட. லெட்டர்பேட்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

மாநாடு நடக்கும் மூன்று நாளும் நாற்பது அறையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று புரிந்தபிறகு வேறென்ன செய்வான்? போட்டான்.

கடிதத்தைப் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினாள். ஸ்கூட்டரைக் கிளப்புமுன் பதில் வந்துவிட்டது: மாநாடு நெய்வேலியில்தான். உமாராணிக்குக் கண் நிறைந்தது. முப்பத்தோரு வருஷமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாநாடுகளுக்குப் போய், அடுத்தவர் வரவேற்புக்குக் கும்பிடு போட்டவள். இந்தத் தடவை வாசலில் நின்று “வாங்க” என்று சொல்லப்போவது அவள்.