பேசுகிறவருக்கு இடம்

விளம்பரங்களுக்கும் யூடியூப் படங்களுக்கும் பின்னணி இசை விற்கும் மியூசிக் லைப்ரரி ஒன்றுக்கு, சங்கரன்கோவிலில் தன் வீட்டு மாடியிலிருந்து மெட்டுகளை அனுப்பி வந்தான் வேல்ராஜ். கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பதை விட்டுவிட்டு இதில் இறங்கி ஐந்து மாதம் ஆகியும் ஒன்றைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. ‘மெட்டில் பேசுகிறவருக்கு இடமில்லை’ என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

அவன் மனைவி மாரிசெல்வி ஜவுளிக்கடையில் மைக் பிடித்து விளம்பரம் சொல்லுகிறவள். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பியவள் மாடியேறி வந்தாள்.

“கடேசியா வேண்டாம்னு சொன்ன மெட்டப் போடுங்க. நான் பேசிப் பாக்குதேன்.”

அவன் போட்டான். ஆடித் தள்ளுபடியைச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் இந்தப் புல்லாங்குழலும் சேந்து பேசுது. பெறவு நான் என்னத்தச் சொல்ல?”

அவன் ரசித்து ரசித்துச் சேர்த்த புல்லாங்குழல் அது. மனசில்லாமல்தான் எடுத்தான். கிதாரும் தாளமும் மட்டும் மிஞ்ச, அவள் மறுபடி பேசினாள். ஒரு சொல்கூட இடறவில்லை. அவள் குரல் இவ்வளவு நன்றாயிருக்கும் என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

புல்லாங்குழல் இல்லாமலே அதை மறுபடி அனுப்பினான். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அந்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி இன்னும் ஆறு கேட்டிருந்தார்கள்.

“அப்ப நாளைக்கும் நான் பேசணுமா?” என்றாள் மாரிசெல்வி.

“ஆறுக்கும் பேசணும்” என்று சிரித்தபடி கீபோர்டைத் திறந்தான்.