மூன்று தடவை கழுவிய அரிசி

பல்லடத்துத் தம்பிதுரை, மிளகாய் மூட்டைகளோடு தீவு தீவாகப் போகும் பாய்த்தோணியில் ஏறிய அன்றைக்கே, வீட்டு வழக்கப்படி சோற்றரிசியைக் குடிதண்ணீரில் மூன்று தடவை கழுவிக் கொட்டினார். தோணியில் அதற்குக் கடல்நீர்தான் என்பது மேட்டாங்காட்டு மனுஷனுக்கு எங்கே தெரியும்? தோணிக்காரர் சந்தியாகு பார்த்தார், குடிதண்ணீர்ப் பீப்பாயை மூடி வைத்தார்.

நான்காம் நாள் காற்று விழுந்து, தோணி நடுக்கடலில் நின்றது. பீப்பாயில் அடித்தண்ணீர். ஆளுக்கொரு சிரட்டை என்றார் சந்தியாகு. அவருடைய சிரட்டை மட்டும் காய்ந்தே கிடந்தது.

“ஏனுங்க, நீங்க குடிக்கலீங்களா?”

“எனக்குப் பழக்கம், கவுண்டரே.”

தான் கொட்டியது யார் பங்கு என்று தம்பிதுரைக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காற்று எழுந்து கரை சேர்ந்ததும், நெடுந்தீவுக் கிணற்றில் இறைத்த முதல் சொம்பை அவரிடம் நீட்டினார் தம்பிதுரை. வெடித்த உதட்டோடு ஒரே மடக்கு குடித்துவிட்டு, சந்தியாகு சொம்பைத் திருப்பித் தந்தார்.

“அரிசியக் கழுவுங்க. மூணு தடவ.”