சி பிளாக்கில் பதினான்காம் தேதி

“இப்ப அந்தப் பொத்தானை அமுக்குறீங்களா, இல்ல கம்ப்யூட்டரத் தூக்கித் தண்ணித்தொட்டியில போடட்டுமா?”

“சத்தம் போடாத வளரு. குதிரைப்படை இன்னும் ஆத்தத் தாண்டல.”

“எட்டு வருசமா தாண்டாத ஆறு! அதுல தண்ணி ஓடுதா, தார் ஓடுதா?”

மூன்றாவது மாடி அரங்கநாயகமும் அவர் மனைவி வளர்மதியும்தான். நான் அவர்கள் வாசலில் நின்றேன். ஒட்டுக்கேட்க வரவில்லை. உறைமோர் வாங்க வந்தேன். வலது காலைத் தூக்கி நிலைப்படியில் வைக்கப்போகும் நேரத்தில் என் கட்டங்கள் தீர்ந்துவிட்டன. கால் அப்படியே நின்றது. கையில் காலிக் கிண்ணம்.

எங்கள் சி பிளாக்கில் ஓர் ஆளுக்கு ஒரு முறைக்கு இருபது கட்டம். தரை முழுக்கக் கட்டம் போட்டிருக்கிறது. எல்லாரும் நகர்ந்து முடித்ததும் அரங்கநாயகம் தன் விளையாட்டில் ‘முறை முடிந்தது’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் அடுத்த முறை வரும். அடுத்த முறை என்றால் அடுத்த நாள். பேச்சுக்குக் கட்டம் கிடையாது. அதனால் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இது நாங்களே இழுத்து விட்டுக்கொண்டது. முன்பு தெருக்குழாயில் குடம் வைக்க யார் முறை என்று தினமும் மண்டை உடையும். ஒருநாள் சங்கக் கூட்டத்தில் செயலாளர் குருசாமி எழுந்தார். “நம்ம பிளாக்குல முறை தவறாத ஆளு ஒருத்தர்தான். கம்ப்யூட்டர்ல படை நடத்துறவரு. எதிரி முறைன்னா கைய மடில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பார்த்திருக்கேன்” என்றார். எல்லா முறையையும் அரங்கநாயகத்திடம் ஒப்படைத்துத் தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கையை இப்போதும் ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.

முதலில் ஒழுங்காகத்தான் அமுக்கினார். பிறகு யோசிக்க ஆரம்பித்தார்.

இப்போது பதினான்காம் தேதி நடக்கிறது. வெகுகாலமாக நடக்கிறது. எதிர்க் கொடியில் காயப்போட்ட துண்டு காய்ந்து, வெளுத்து, நார்நாராகப் போய்விட்டது. அது யாருடைய துண்டு என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

வளர்மதிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. கோவில்பட்டியில். பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியோடு, கூடத்தில் நின்றாள். கோபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அன்றைய இருபது கட்டத்தையும் தீர்த்துவிட்டாள். அவள் நிற்கும் இடத்திலிருந்து கேட்டுக்குப் பதினெட்டுக் கட்டம். கேட்டுக்கு வெளியே கட்டம் கிடையாது. ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

உத்தரவு காத்திருக்கவில்லை. அதில் அவள் பெயர் மங்கிக்கொண்டு வந்தது. ‘தி’ போய்விட்டது. ‘ம’வும் பாதி. அடியில் யாரோ ஒரு சகுந்தலாவின் பெயர் தெரிய ஆரம்பித்திருந்தது.

“இங்க பாருங்கக்கா” என்று என்னிடம் நீட்டிக் காட்டினாள். “என் பேரு அழியுது. இவரு குதிரைக்குப் பாலம் தேடுறாரு.”

“இன்னும் ஒரே ஒரு முறை வளரு” என்றார் அவர். “யோசிச்சு வைக்கிறேன். அப்புறம் உன் இஷ்டம்.”

அவர் ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று சொல்லும்போதெல்லாம் அந்த வீட்டுக் கூடம் ஒரு கட்டம் நீளும். கல்யாணமான புதிதில் அவர் மேசைக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டே கட்டம். இப்போது நாற்பத்தொன்று. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவர் முதுகு தூரத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. முறை கிடைத்தாலும் பொத்தான் அவளுக்கு எட்டாது.

வளர்மதி மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “குருசாமி சார்! அவசரத்துக்கு ஒரு வழியும் கிடையாதா?”

“விண்ணப்பம் இருக்கும்மா!” என்று கீழேயிருந்து குரல் வந்தது. குருசாமி கடைசிப்படியில், சங்க அறைக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கிறார். நாற்காலி அறைக்குள் இருக்கிறது.

விண்ணப்பம் படிக்குப்படி கைமாறி மேலே வந்தது. என் கைக்கு வந்ததும் படித்தேன். யாராக இருந்தாலும் படிப்பார்கள். ‘முறையின்றி நகர விழைவோர் படிவம்’ என்று போட்டிருந்தது. முதல் கேள்வி: ‘நீங்கள் எந்தக் காய்?’ கீழே நான்கு பெட்டி. காலாள். குதிரை. கோட்டை. வீட்டில் இருப்பவர்.

வளர்மதி கேட்டாள்: “தலைமை ஆசிரியைன்னு பெட்டி இல்லையே சார்?”

“குதிரைன்னு போடும்மா. ரெண்டு கட்டம் சேத்துக் கிடைக்கும்.”

“போட்டுட்டேன். அப்புறம்?”

“கையெழுத்து.”

“போடுறேன்.”

“போடக் கூடாதும்மா. கையெழுத்தும் ஒரு நகர்வுதான். அதுக்கு உன் முறை வரணும்.”

“முறை வந்தா எனக்கு விண்ணப்பம் எதுக்கு சார்?”

“அதைத்தான் ரெண்டாவது கேள்வியா கேட்டிருக்கோம்.”

வளர்மதி படிவத்தைச் சுக்குநூறாகக் கிழித்தாள். கிழிப்பது நகர்வு இல்லை போலிருக்கிறது. எனக்குக்கூட ஒரு துண்டு கிழிக்க ஆசையாக இருந்தது.

அவள் கூடத்தின் மறுகோடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். “அப்படி என்னதான் இருக்கு அந்தக் கருமத்துல? படமெல்லாம் அரிசி அரிசியா இருக்கு. ராஜாவுக்கு மூக்கே கிடையாது. ஊர்ல புதுசு புதுசா எத்தனை வெளையாட்டு வந்துச்சு! அதையாவது வெளையாடித் தொலைச்சா என்ன?”

அரங்கநாயகம் திரும்பவில்லை. ஆனால் பதில் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“புதுசெல்லாம் விரட்டும் வளரு. சுடு, ஓடு, குதின்னு விரட்டும். இது விரட்டாது. நான் யோசிக்கிற வரைக்கும் எதிரி வில்ல வளைச்சபடி நிப்பான். மழை அந்தரத்துல நிக்கும். பஞ்சம்கூட எல்லையில வந்து நின்னு, ‘ஐயா, முடிச்சிட்டீங்களா’ன்னு பார்க்கும். ஆபீஸ்ல எனக்காக யாரு நின்னா? எனக்குப் பின்னாடி வந்தவனெல்லாம் மேல போயிட்டான். நான் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் உலகத்துல எது நின்னுச்சு, சொல்லு?”

“நான் நின்னேன்.”

வளர்மதி பெட்டியைக் கீழே வைத்தாள்.

“பத்தொன்பது வருசம் நின்னேன். மாத்தல் வந்தப்ப ரெண்டு தடவை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நின்னேன். எங்க அப்பா செத்தப்ப, ‘இந்த ஒரு கோட்டையப் புடிச்சிட்டு வந்துடறேன்’னீங்க. பஸ் ஸ்டாண்டுல நின்னேன். நின்னேனா இல்லையா?”

நாற்பத்தொரு கட்டத்துக்கு அப்பால் கீபோர்டு சத்தம் நின்றது. அந்த மனிதர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். நாற்காலி கூட ஒரு தரம் கிரீச்சென்றது.

“இன்னும் ஒரே ஒரு...” என்றார்.

நாற்பத்திரண்டு.

வளர்மதி உத்தரவைப் பார்த்தாள். ‘வள’ மட்டும் மிச்சமிருந்தது. அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். பெட்டியை எடுத்தாள். நடந்தாள்.

ஒரு கட்டம். இரண்டு. மூன்று. முறை வராமல்.

எங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “ஏய், முறை! முறை!” என்று நாலு மாடியும் கத்தியது. குருசாமியின் மகள் பூங்கோதையைக் கட்டிக்கொள்ளப்போகிற கதிரேசன் கீழே மாலையோடு நின்றான். மணவறைக்கு இரண்டு கட்டம் பாக்கி. “ரெண்டு கட்டத்துக்காக நான் வாடிப்போன மாலையோட நிக்கிறேன். இந்தம்மா பாட்டுக்குப் போகுது! கேக்க ஆளில்லையா?” என்று அழாத குறையாகக் கத்தினான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கால் மரத்துப்போய் நிற்கிறேன். “போறவ உறைமோரக் குடுத்துட்டுப் போடி!” என்றேன்.

அவள் திரும்பி உள்ளே போனாள். அதற்கு ஆறு கட்டம். உறைமோர் கொண்டுவந்து என் கிண்ணத்தில் ஊற்றினாள். அதற்கு ஆறு. ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை.

“நீங்களும் காலக் கீழ வைங்கக்கா. வலிக்கும்” என்றாள்.

“என் முறை வரலியே.”

“சரி” என்று படியிறங்கினாள்.

குருசாமி கடைசிப்படியில் கையை நீட்டி மறித்தார். “விண்ணப்பம் நிலுவையில இருக்கும்மா.”

“இருக்கட்டும் சார். உங்களுக்கும் துணைக்கு ஏதாவது வேணும்ல.”

கேட் சத்தம் கேட்டது. ஆட்டோ சத்தம் கேட்டது.

அரங்கநாயகம் எழுந்து நடக்க ஆரம்பித்தார். இருபது கட்டம் வந்தார். நின்றுவிட்டார். பாதிக் கூடம் கூட வரவில்லை. முகம் இப்போது எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது.

“இப்பவாவது திரும்பிப் போய் அந்தப் பொத்தானை அமுக்கித் தொலைங்க!” என்று நான் கத்தினேன்.

“மாட்டேன்” என்றார். “அமுக்கினா இந்த நாள் முடிஞ்சிரும். முடிஞ்சா அவ போனதா ஆயிரும்.”

“போயிட்டா ஐயா! கண்ணால பாத்தேன்!”

“நகர்வு இன்னும் பதிவாகல.”

கிண்ணத்தை அவர் மேல் வீசியிருப்பேன். மோர் சிந்துமே என்று விட்டுவிட்டேன். அந்த ஆத்திரத்தில் கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பூங்கோதை இரண்டு கட்டத்தையும் தானே நடந்துபோய்க் கதிரேசனைக் கட்டிக்கொண்டாள். ஓசூரில் இருக்கிறார்கள். வாடிப்போன மாலைக்குப் பதில் வேறு மாலை வாங்கச் சொன்னேன், கேட்கவில்லை. குருசாமி திண்டுக்கல்லில் தம்பி வீட்டில் இருக்கிறார். உட்காருவதற்கு முன் யாரிடமாவது அனுமதி கேட்கிறாராம். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். நான் திருமங்கலத்துக்கு மாறிவிட்டேன். புது இடம். அக்கம்பக்கம் எல்லாம் தெரிந்துகொள்ள நான்கு நாள் ஆயிற்று.

வளர்மதி கோவில்பட்டியில் தலைமை ஆசிரியை. அவள் பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகுதான் அங்கே பதினைந்தாம் தேதி பிறந்ததாம். அறிவியல் வாத்தியார் ஒருவர் அவளையே பெண் கேட்டு வந்ததாகக் கேள்விப்பட்டு போன் போட்டேன். “யோசிச்சு சொல்லுங்கன்னாருக்கா. யோசிக்கல, வேண்டாம்னுட்டேன்” என்றாள்.

அரங்கநாயகம் மட்டும் சி பிளாக்கைவிட்டு மாறவில்லை. இருபதாவது கட்டத்தில் நிற்கிறார். அவர் சொல்வதைக் கேட்டால், அவள் இன்னும் கூடத்தில் பெட்டியோடு நின்று அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.